தொப்பிக்குள் கடுதாசி வைத்திருந்த வக்கீல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கள் பத்திரிகைக்கு இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், எங்கள் தெருச் சாக்கடை பற்றி. அதை நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள். இதையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். ஷீல்ட்ஸ் என்ற பெயர் வரும் இடத்தில் மட்டும் கத்தரி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் தின இணைப்பில் ஆபிரகாம் லிங்கனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதம். அதன் கீழே, "உன் அப்பா எங்கள் வீட்டுக்குச் செருப்பு தைத்தவர்" என்று செனட்டில் ஒருவர் இடிக்க, அவர் நிதானமாகப் பதில் சொன்ன கதை. ஓரத்தில் கட்டம் கட்டி அவருடைய தோல்விகளின் பட்டியல். இந்த மூன்றையும் நான் கல்யாண மண்டபத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் கேட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு தடவை வருகிறது. பேச்சாளர் சொல்லிவிட்டுப் போவது வேறு. பத்திரிகையில் அச்சாகி வந்தால், என் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிடுகிறாள்.

லிங்கனின் கடிதங்கள், பேச்சுகள், துண்டுக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து 1953-ல் எட்டுத் தொகுதிகளாகப் போட்டார்கள். ஆசிரியருக்கு எழுதிய கடிதம் அதில் இல்லை. அப்பா தாமஸ் லிங்கன் தச்சு வேலையும் விவசாயமும் செய்தவர். தவிர, அமெரிக்க ஜனாதிபதி செனட்டில் போய் உட்கார்ந்து உறுப்பினர்களோடு வாக்குவாதம் செய்யும் வழக்கம் அங்கே கிடையாது.

தோல்விப் பட்டியல்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அதில் இருப்பவற்றில் பல உண்மை, ஆனால் பட்டியல் பொய். ஜெயித்த கேஸ்களை மறைத்துவிட்டு, தோற்றவற்றின் டிக்ரி நகலை மட்டும் தாக்கல் செய்தால் எந்த முன்சீப்பும் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். 1832-ல் இல்லினாய் மாநிலச் சட்டசபைக்கு நின்று தோற்றார், சரி. பதின்மூன்று பேரில் எட்டாவதாக வந்தார். ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு. அந்த ஊருக்கு அவர் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வயது இருபத்து மூன்று. அப்புறம் 1834, 1836, 1838, 1840 என்று வரிசையாக நான்கு தடவை அதே சபைக்கு ஜெயித்தார். இந்த நான்கும் உங்கள் கட்டத்துக்குள் வரவில்லை.

பட்டியலில் 'வியாபாரத்தில் தோல்வி' என்று இரண்டே வார்த்தை. என்னைப் போன்றவனுக்கு அதற்குள்தான் கதையே இருக்கிறது. பெர்ரி என்பவரோடு கூட்டாகக் கடனில் ஒரு மளிகைக் கடை எடுத்தார். கடை நொடித்தது. 1835-ல் பெர்ரி இறந்துபோனார். அவர் பங்குக் கடனும் இவர் தலையில் விழுந்து, மொத்தம் 1,100 டாலர் அளவுக்கு ஆனது. இவர் அதைத் 'தேசியக் கடன்' என்று கிண்டலாகச் சொல்லிக்கொள்வாராம். அப்போது அவர் நில அளவை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கடன்காரர் டிக்ரி வாங்கிக் குதிரையையும் அளவைக் கருவிகளையும் ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஜேம்ஸ் ஷார்ட் என்கிற நண்பர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்திருக்காவிட்டால் அந்தப் பிழைப்பும் போயிருக்கும். அமீனாவோடு ஜப்திக்குப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் வீட்டுக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். லிங்கன் மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை, ஊரை விட்டு ஓடவும் இல்லை. பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்த்தார்.

1834-ல் ஜெயித்தபோது சட்டசபைக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல உடை இல்லை. ஸ்மூட் என்ற விவசாயியிடம் 200 டாலர் கடன் வாங்கித் துணி தைத்துக்கொண்டு, அன்றைய தலைநகரமான வாண்டேலியாவுக்குப் போனார்.

வக்கீல் ஆனதும் அதே காலத்தில்தான். சட்டக் கல்லூரிக்கும் போகவில்லை, ஒரு சீனியரின் ஆபீசில் உட்கார்ந்தும் கற்கவில்லை. சக உறுப்பினரான ஸ்டூவர்ட் என்ற வக்கீல் படிக்கச் சொல்லித் தூண்டிப் புத்தகமும் இரவல் கொடுத்தார். நியூ சேலத்திலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சுமார் இருபது மைல். போய்ப் புத்தகம் வாங்கி வந்து தானே படித்தார். யாரிடமும் படிக்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். 1836 செப்டம்பரில் லைசென்ஸ், 1837 மார்ச்சில் வக்கீல்கள் பதிவேட்டில் பெயர். ஏப்ரலில் இரவல் குதிரையில் ஸ்பிரிங்ஃபீல்டு வந்து, ஸ்பீடு என்பவரின் கடையில் கட்டிலுக்கும் மெத்தைக்கும் என்ன விலை என்று கேட்டார். எல்லாம் சேர்த்து 17 டாலர். அவ்வளவு இல்லை. இவர் முகத்தைப் பார்த்த ஸ்பீடு, மாடியில் என் அறையில் பெரிய கட்டில் இருக்கிறது, வேண்டுமானால் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றார். லிங்கன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார், வைத்துவிட்டுக் கீழே வந்தார், "சரி ஸ்பீடு, குடி வந்துவிட்டேன்" என்றார்.

சட்டசபையில் அவர் செய்ததெல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. சங்கமன் கவுன்டியிலிருந்து (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) போன ஒன்பது பேரும் நெட்டையர்கள், 'நெட்டை ஒன்பது' என்றே பெயர். இவர்கள் சேர்ந்துதான் 1837-ல் தலைநகரத்தை வாண்டேலியாவிலிருந்து தங்கள் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். அதே கூட்டத்தொடரில் ரயில்பாதை, கால்வாய், சாலை என்று சுமார் ஒரு கோடி டாலருக்கு ஒரு திட்டம் நிறைவேறியது. லிங்கன் அதற்குத் தீவிர ஆதரவு. நீ அதற்குக் கை தூக்கு, நான் இதற்குத் தூக்குகிறேன் என்று பேரம் நடந்ததாக எதிராளிகள் சொன்னார்கள். அப்படி நடந்ததா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருஷமே நாடு முழுக்கப் பண நெருக்கடி வந்தது, திட்டம் சரிந்தது, சில வருஷத்தில் மாநிலமே வட்டி கட்ட முடியாமல் நின்றது. முடிந்தது ஒரே ஒரு ரயில்பாதை. அதையும் 1847-ல் 21,100 டாலருக்கு ஏலம் விட்டார்கள்.

அதே 1837-ல், அடிமை முறையை எதிர்ப்பவர்களைக் கண்டித்துச் சபை தீர்மானம் போட்டது. 77 பேர் ஆதரவு, 6 பேர் எதிர்ப்பு. அந்த ஆறில் ஒருவர் லிங்கன். மார்ச் 3-ம் தேதி அவரும் டான் ஸ்டோன் என்ற உறுப்பினரும் மறுப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவைக் குறிப்பில் ஏற்றினார்கள்: அடிமை முறை அநீதியின் மேலும் கெட்ட கொள்கையின் மேலும் நிற்பது. அடுத்த வரியிலேயே, ஆனால் அடிமை ஒழிப்புப் பிரசாரம் அந்தத் தீமையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டும் என்றும் சேர்த்தார்கள். முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. கோர்ட்டில் இதைப் பாதி சாட்சியம் என்போம்.

1840 டிசம்பரில் நடந்ததைக் கேளுங்கள். புதுச் சட்டசபைக் கட்டடம் முடியாததால் உறுப்பினர்கள் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்தார்கள். அரசு வங்கி, தன் நோட்டுக்குப் பதில் வெள்ளி, தங்கம் கொடுப்பதை நிறுத்தி வைத்திருந்தது. கூட்டத்தொடர் முடியும் வரைதான் அந்தச் சலுகை. எதிர்க்கட்சிக்காரர்கள் தொடரை உடனே முடித்து வங்கியை மடக்கப் பார்த்தார்கள். லிங்கன் கட்சி, சபை முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராமல் செய்யப் பார்த்தது. இவர் இன்னும் இரண்டு பேரோடு உள்ளே நின்று நிலவரம் கவனித்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சேர்ந்துவிட்டது, கதவு அடைத்திருக்கிறது. மூவரும் ஜன்னல் வழியாக வெளியே குதித்தார்கள். பயன் இல்லை, அவர்களையும் ஆஜர் என்று எண்ணி முடித்திருந்தார்கள். இனிமேல் கட்டடத்துக்கு ஒரு மாடி கூட்டினால்தான் லிங்கனைப் பிடித்து வைக்க முடியும் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை கேலி செய்தது. ஆறடி நான்கு அங்குல மனிதருக்கு அந்த ஜன்னல் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

இப்போது ஷீல்ட்ஸ். 1842-ல் அந்த வங்கி மூழ்கியது. ஜனங்கள் கையில் இருந்ததெல்லாம் அந்த வங்கியின் நோட்டு. வரி கட்டப் போனால், இது செல்லாது, வெள்ளியோ தங்கமோ கொண்டு வா என்று உத்தரவு. அதில் கையெழுத்துப் போட்ட மாநிலத் தணிக்கை அதிகாரிதான் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். சங்கமோ ஜர்னல் பத்திரிகையில் செப்டம்பர் 2-ம் தேதி ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. ரெபேக்கா என்ற பட்டிக்காட்டுக் குடியானவப் பெண் எழுதியது போல, கொச்சைப் பேச்சில், ஷீல்ட்ஸைக் கிழித்துத் தோரணம் கட்டிய கடிதம். எழுதியது சட்டசபை உறுப்பினரும் வக்கீலுமான ஆபிரகாம் லிங்கன். அதோடு நிற்கவில்லை, அவர் மணக்கவிருந்த மேரி டாட் தன் தோழியோடு சேர்ந்து அதே ரெபேக்கா பெயரில் இன்னும் காரமாக எழுதினார். ஷீல்ட்ஸ் பத்திரிகை ஆசிரியரிடம் போய் யார் எழுதியது என்று கேட்க, ஆசிரியர் லிங்கன் பெயரைச் சொல்லிவிட்டார். பெண்கள் எழுதியதையும் சேர்த்து லிங்கன் தானே ஏற்றுக்கொண்டார்.

ஷீல்ட்ஸ் நேருக்கு நேர் சண்டைக்கு அழைத்தார். ஆயுதத்தைத் தேர்வு செய்யும் உரிமை அழைக்கப்பட்டவருக்கு. லிங்கன் கேட்டது குதிரைப்படைக்காரர்களின் நீளமான பட்டாக்கத்தி. நடுவில் ஒரு பலகை, அதை இருவரும் தாண்டக்கூடாது. இவர் கைநீளத்துக்கு ஷீல்ட்ஸ் கிட்டேயே வர முடியாது. இல்லினாயில் அப்படிச் சண்டை போடுவது குற்றம் என்பதால், செப்டம்பர் 22-ம் தேதி மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி மிசௌரிப் பக்கம் போனார்கள். கூட வந்த நண்பர்கள் பேசிச் சமாதானம் செய்து திருப்பி அழைத்து வந்தார்கள். சட்டம் தெரிந்த ஒருவர், கேலிக் கடிதம் எழுதிவிட்டுக் கத்தியோடு ஆறு கடந்தது பற்றி லிங்கனே பிற்காலத்தில் வாய் திறக்க விரும்பியதில்லை. நவம்பர் 4-ம் தேதி மேரி டாட்டைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அவருடைய வக்கீல் தொழிலுக்கு வருகிறேன். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். பெரும்பாலும் கடன் வழக்குகள், புரோநோட்டு, நிலத் தகராறு, மாட்டுத் தகராறு. எங்கள் முன்சீப் கோர்ட் லிஸ்டைப் பார்ப்பது போலவே இருக்கிறது. எட்டாவது சர்க்யூட் என்று, நீதிபதி ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்கும் வட்டாரம், ஒரு காலத்தில் பதினான்கு கவுன்டிகள். வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. நீதிபதி டேவிட் டேவிஸும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள். சத்திரத்தில் ஒரு கட்டிலில் இரண்டு பேர். நீதிபதி மட்டும் தனிக் கட்டில், அவர் எடை 300 பவுண்டுக்கு மேல். பகலில் எதிரெதிராக நின்று கத்தியவர்கள் ராத்திரி ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். நீதிபதியோடு எல்லாக் கவுன்டிக்கும் விடாமல் போனவர் லிங்கன்தான்.

குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அவரிடம் வேலை பார்க்க எனக்குக் கிடைத்திருந்தால் மூன்றே மாதத்தில் ஓடியிருப்பேன். முக்கியமான காகிதங்களை அவர் வைத்த இடம் தலையில் போட்டிருந்த உயரத் தொப்பி. கூட்டாகத் தொழில் செய்த வக்கீல் ஹெர்ண்டன் சொல்கிறார், ஆபீசில் ஒரு கட்டின் மேல் லிங்கன் கைப்பட எழுதியிருந்ததாம்: "வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார்க்கவும்." ஒரு வக்கீலுக்குப் பதில் தாமதமானதற்கு அவர் 1850-ல் எழுதிய மன்னிப்பும் கிடைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கிவிட்டேன், பழையது ஓரமாகப் போனதில் கடிதமும் மறந்துபோனது என்கிறார். என் சீனியர் ஒருவர் கையெழுத்தான வக்காலத்தைக் கோட்டுப் பையில் வைத்தபடியே சலவைக்குப் போட்டார். கட்சிக்காரரை மறுபடி பேராவூரணியிலிருந்து வரவழைத்தோம். அன்றைக்கு இந்தத் தொப்பிக் கதை தெரிந்திருந்தால் அவர் சொல்லித் தப்பித்திருப்பார்.

பீஸ் விஷயத்தில்தான் இவரை ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாது. 1856 பிப்ரவரியில் ஒரு கட்சிக்காரர் பத்திரம் எழுதித் தந்ததற்கு 25 டாலர் அனுப்பினார். 15 போதும், நீங்கள் பணத்தில் ரொம்பத் தாராளம் என்று எழுதி, 10 டாலர் நோட்டைத் திருப்பி அனுப்பினார் லிங்கன். அதே சமயம் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்காக, கவுன்டிகள் அதன் மேல் வரி போட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் வரை வாதாடி ஜெயித்தார். பீஸ் 5,000 டாலர் கேட்டார். கம்பெனி மறுத்தது. 1857-ல் தன் கட்சிக்காரரான அதே கம்பெனி மேல் வழக்குப் போட்டு வசூல் செய்தார், பாதியை ஹெர்ண்டனுக்குக் கொடுத்தார். அப்புறமும் அந்தக் கம்பெனி இவரையே வக்கீலாக வைத்துக்கொண்டது. இது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இளம் வக்கீல்களுக்கு அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. வழக்குப் போடத் தூண்டாதே, அக்கம்பக்கத்தாரைச் சமரசத்துக்குக் கொண்டு வா, பேருக்கு ஜெயித்தவன் பீஸிலும் செலவிலும் பொழுதிலும் பல சமயம் தோற்றவனாகவே இருக்கிறான் என்கிறார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே குறிப்பில், முழு பீஸையும் முன்னாலேயே வாங்காதே, வாங்கிவிட்டால் கேஸில் அக்கறை குறைந்துவிடும், குறையாது என்றால் நீ சாதாரண மனுஷன் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அனுபவித்தவன் எழுதியது. உங்கள் ஆசிரியர் தினப் பக்கத்துக்கு இதைப் போட்டிருக்கலாம்.

கடைசியாக இரண்டு வழக்கு. 1841-ல் ஒரு புரோநோட்டு வழக்கு. நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்கு எழுதிக் கொடுத்த நோட்டு. வாங்கியவர் பணம் தர மறுத்தார், அவருக்காக லிங்கன் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். இல்லினாயில் ஒருவர் அடிமை என்று நிரூபிக்காத வரை அவர் சுதந்திரமானவர்தான், சுதந்திரமானவரை விற்ற நோட்டு செல்லாது என்று தீர்ப்பு. புரோநோட்டு வழக்கில் இப்படியொரு தீர்ப்பை நான் பார்த்ததில்லை.

ஆறு வருஷம் கழித்து, 1847 அக்டோபரில், கோல்ஸ் கவுன்டியில் அதே லிங்கன் எதிர்ப்பக்கம் நின்றார். கென்டக்கிக்காரர் மாட்சன், தன் இல்லினாய் பண்ணையில் வேலை செய்யக் கூட்டி வந்த அடிமைப் பெண் ஜேன் பிரையன்ட்டையும் அவளுடைய நான்கு குழந்தைகளையும் திருப்பிக் கேட்டார். அவர்கள் அடைக்கலம் தேடி ஓடியிருந்தார்கள். மாட்சனுக்காக வாதாடியவர்களில் லிங்கனும் ஒருவர். நிரந்தரமாகக் குடிவைக்கவில்லை, தற்காலிகமாகத்தான் கொண்டுவந்தார் என்பது வாதம். வாதம் எடுபடவில்லை, ஜேனும் குழந்தைகளும் விடுதலை ஆனார்கள். வந்த கட்சிக்காரருக்கு வக்கீல் ஆஜராவார், அதுதான் தொழில் என்று எங்கள் ஆபீசில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். இந்த வழக்கைப் படித்த அன்று அதைச் சொல்லிக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. தோல்விப் பட்டியல் போடுகிறவர்கள் அவருக்கு நல்லதாக முடிந்த இந்தத் தோல்வியை ஏன் சேர்ப்பதில்லை?

1858-ல் பஞ்சாங்கத்தைக் காட்டிக் கொலை வழக்கில் ஒரு பையனை மீட்டது உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றான் சாட்சி. நிலா அப்போது அடிவானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பையனின் தாய் ஹன்னாவிடம் பீஸ் வாங்கவில்லை, நியூ சேலத்தில் சோறு போட்டவள். இந்தக் கதை மட்டும் எல்லாரும் சொல்கிற அளவுக்கே உண்மையாக இருக்கிறது.

ஆகவே, அந்த மூன்று கதைகளுக்கும் ஒரு சின்னத் திருத்தம் வெளியிட வேண்டும். மூலையில் போட்டாலும் போதும், பேத்தியின் நோட்டில் பழையதற்கு மேலே ஒட்டிக்கொள்கிறோம். என் பெயரும் விலாசமும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன், அச்சில் வேண்டாம். யாராவது ஆபீசுக்கு வந்து எழுதியது யார் என்று கேட்டால், சங்கமோ ஜர்னல் ஆசிரியர் செய்ததைத் தாங்கள் செய்துவிடாதீர்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா,
கும்பகோணம்.